வெட்டிய புல்லை அள்ளுவதா, விடுவதா?

கேள்வி:

கோவை வடவள்ளியில் எங்கள் வீடு. வாசலை ஒட்டி ஏறக்குறைய 1,200 சதுர அடிக்கு மெக்சிகன் புல் போட்டு மூன்று வருடம் ஆகிறது. மாதம் ஒரு தடவை தோட்டக்காரர் பிரஷ் கட்டர் கொண்டுவந்து வெட்டுவார். வெட்டி முடித்ததும் ஈர்க்குமாறால் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் பெருக்கி, சாக்கில் அடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை யூரியா போடுகிறோம். தினமும் சாயங்காலம் தண்ணீர் விடுகிறோம்.

போன வாரம் வந்திருந்த என் மருமகன், "அதை எதுக்கு அள்ளித் தூக்கிப் போடறீங்க அத்தை, அப்படியே விட்டா அதுவே உரம்" என்றார். தோட்டக்காரரிடம் சொன்னேன். "விட்டீங்கன்னா தரை மெத்துமெத்துனு ஆயிருங்கம்மா. புல்லு அடியில அழுகிப் போயிரும், கறையான் வேற வந்துருங்க" என்கிறார். இப்போதே நடந்தால் கால் மெத்தையில் பதிகிற மாதிரி அமுங்கத்தான் செய்கிறது. யார் சொல்வது சரி? அள்ளுவதாக இருந்தால் எதிர்வீட்டு மாடுகளுக்குக் கொடுக்கலாமா? புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே உதிர்த்துவிடும் 'மல்ச்சிங் மெஷின்' ஒன்று வாங்கச் சொல்கிறார் மருமகன். வாங்கலாமா?

— ஒரு வாசகி, கோவை

பதில்:

மருமகன் சொல்வது சரிதான் அம்மா. வெட்டிய புல் தரையிலேயே கிடக்கலாம், கிடப்பதுதான் நல்லது. ஆனால் நீங்கள் இப்போது வெட்டுகிற முறையை மாற்றாமல், அள்ளுவதை மட்டும் நிறுத்தினால் தோட்டக்காரர் சொன்னதுதான் நடக்கும். மாதம் ஒரு தடவை வெட்டும்போது விழுவது துணுக்கு அல்ல, வைக்கோல். அது பச்சைப் புல்லின் மேல் கொத்துக் கொத்தாகப் படுத்து வெயிலை மறைக்கும். மழை பெய்தால் ஒட்டிக்கொண்டு அழுகும். நாலைந்து நாள் கழித்து விலக்கிப் பார்த்தால் அடியில் புல் வெளுத்துப் போயிருக்கும். ஆக, இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் வாரம் ஒரு முறை வெட்டுகிற புல்தரையைப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் மாதம் ஒரு முறை வெட்டுகிறதை.

புல்வெளி பராமரிப்பில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. எந்த வெட்டிலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கிரைடர் என்பவர் 1955ல் வெளியிட்ட அறிக்கையில், இலைப்பகுதியில் பாதிக்கு மேல் ஒரே வெட்டில் எடுத்துவிட்டால் பெரும்பாலான புல்வகைகளில் வேர் வளர்ச்சி நாள்கணக்கில் நின்றுபோவதைக் காட்டினார். மேலே மொட்டையடித்தால் கீழே வேர் வேலைநிறுத்தம் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் நின்ற புல் வெயிலைத் தாங்காது. நாம் உடனே தண்ணீரையும் யூரியாவையும் கூட்டுவோம்.

உங்கள் மெக்சிகன் புல், நர்சரிகளில் கொரியன் புல் என்று விற்பது இவையெல்லாம் சோய்சியா என்ற வகையைச் சேர்ந்தவை. நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கலாம். அப்படியானால் ஆறு சென்டிமீட்டர் வந்ததும் வெட்டிவிட வேண்டும். விழுகிற துணுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். அது நிற்கிற புல்லின் இடுக்கில் நழுவி மண்ணைத் தொட்டுவிடும். மறுநாள் பார்த்தால் வெட்டிய இடமே தெரியாது. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மாதங்களில் இரண்டு மூன்று வாரத்தில் மட்கிப்போகும். சோய்சியா இலை கொஞ்சம் முரடு, அருகம்புல்லைவிட மெதுவாகத்தான் மட்கும். மார்ச், ஏப்ரல் வறட்சியில் இன்னும் தாமதமாகும். வெளிறிய துரும்பாகக் கொஞ்ச நாள் கண்ணில் படும், அவ்வளவுதான். கெடுதல் ஒன்றும் இல்லை.

இந்தத் துரும்பு கண்ணில் படுவதுதான் நம் வீடுகளில் உண்மையான பிரச்சினை என்பது என் எண்ணம். வாசலைப் பெருக்கிப் பழகிய கைக்குத் தரையில் கிடப்பது எல்லாம் குப்பை. வெள்ளைக்காரரும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் 1830ல் முதல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை மழிக்கிற ஆலை எந்திரத்தைப் பார்த்துச் செய்தது அது. மில் ஊர்க்காரரான உங்களுக்கு அந்த எந்திரம் புரியும். அந்த முதல் மெஷினிலேயே வெட்டிய புல்லைப் பிடிக்க முன்னால் ஒரு தட்டு இருந்தது. அள்ளும் பழக்கம் மெஷினோடு கூடவே பிறந்திருக்கிறது!

இனி மெத்தை விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்று வருடமாக ஒரு துணுக்கு விடாமல் அள்ளியும் உங்கள் தரை மெத்தென்று ஆகிவிட்டதே, பிறகு வெட்டிய புல் எப்படிக் காரணமாக இருக்க முடியும்? தோட்டக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். பழைய கத்தி ஒன்றை எடுத்து, புல்தரையில் உள்ளங்கை அகலத்துக்கு முக்கோணமாக மூன்று அங்குல ஆழம் வெட்டி, அந்தத் துண்டை அப்படியே நெம்பி எடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மேலே பச்சை, கீழே மண், இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் நார்நாராக ஒரு அடுக்கு தெரியும். ஆங்கிலத்தில் தாட்ச் என்று சொல்வது அதைத்தான். அதிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி, வெள்ளைத் தாளில் பிரித்துப் போட்டுப் பாருங்கள். இலைத் துணுக்கு ஏதும் பெரிதாக இருக்காது. கணுக் கணுவான ஓடுதண்டு, செத்த வேர், தண்டின் அடிக்கட்டை, இவைதான் பின்னிக் கிடக்கும். மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் இவற்றில் அதிகம். நுண்ணுயிர்கள் இதைச் சீக்கிரம் தின்று தீர்க்க முடியாது. இலைநுனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், லிக்னின் குறைவு. அது மட்கிவிடும், தண்டுகள்தான் தங்கிவிடும். பிரித்துப் பார்த்த துண்டைத் திரும்ப அதே இடத்தில் வைத்து மிதித்துத் தண்ணீர் விட்டால் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பழுப்பு அடுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் கவலை வேண்டாம், ஈரத்தைக் காக்க அது உதவும். ஒன்றரையைத் தாண்டினால் மேலே விடுகிற தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் அதிலேயே நின்றுவிடும். வேரும் மண்ணைத் தேடாமல் அந்த மெத்தைக்குள்ளேயே குடியிருக்கும். ஏப்ரல் வெயிலில் முதலில் காய்வது அந்த மெத்தைதான். "தினம் தண்ணி விட்டும் புல் காயுதே" என்று எனக்கு வரும் கடிதங்களில் பலவற்றுக்கு இதுவே பதில்.

இதை வளர்த்தது, எனக்குத் தெரிந்தவரை, உங்கள் யூரியாவும் தினசரித் தண்ணீரும்தான். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஓடுதண்டு, மட்குகிற வேகத்தைவிட வேகமாகப் படரும். சோய்சியாவும் அருகம்புல் வகைகளும் இயல்பிலேயே மெத்தை கட்டுகிறவை. நுனியை ஈரமாக்கிவிட்டு நின்றுபோகிற சாயங்காலத் தண்ணீர் வேரை மேலேயே நிறுத்திவிடும். வாரம் இரண்டு முறை, காலை வேளையில், அரை அடி ஆழம் நனையும்படி விடுங்கள்.

மெத்தை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஜூன் மாதம் தென்மேற்குச் சாரல் தொடங்கிப் புல் வேகமெடுக்கும்போது, இரும்புப் பல் வாரியால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு முறை வலித்து எடுங்கள். வருகிற நாரைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். இதை மட்டும் கட்டாயம் அள்ள வேண்டும். அதன் பிறகு முட்கரண்டி மண்வெட்டியால் அரையடிக்கு ஒரு குத்தாகக் குத்தி, ஆற்று மணலும் சலித்த மட்கும் கலந்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவி, விளக்குமாறால் துளைக்குள் தள்ளிவிடுங்கள். கொஞ்ச நாள் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். விருந்தாளி வருகிற மாதத்தில் செய்யாதீர்கள்.

இனி, உரக் கணக்கு. வெட்டிய புல்லைக் காயவைத்து எடை போட்டால் அதில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தழைச்சத்து. சாம்பல்சத்து இரண்டு மூன்று பங்கு, மணிச்சத்து ஒரு பங்குக்குள். பத்துக் கிலோ பச்சைப் புல் காய்ந்தால் இரண்டு கிலோ. அதில் தழைச்சத்து 60 முதல் 80 கிராம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்ற கணக்கில் பார்த்தால், தோட்டக்காரர் பத்துக் கிலோ சாக்கை எடுத்துப் போகும்போது ஏறக்குறைய 150 கிராம் யூரியா கூடவே போகிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தார் 1981ல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரஜன்-15 என்ற அடையாளம் காணக்கூடிய தழைச்சத்தைப் புல்லுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். வெட்டிப் போட்ட புல்லில் இருந்த தழைச்சத்து மறுபடி வளரும் புல்லுக்குள் ஏறியிருந்தது. துணுக்கைத் தரையிலேயே விட்டால் உரச் செலவில் கால்வாசி வரை குறைக்கலாம் என்பது புல்வெளி நிபுணர்களின் பொதுவான கணிப்பு. வருடத்துக்கு ஆறு தடவை யூரியா போடுகிற நீங்கள் முதலில் அதை நான்காக்குங்கள். துணுக்கை விடத் தொடங்கியதும் மூன்றாக்குங்கள். உரத்தைக் குறைக்காமல் துணுக்கையும் விட்டால் தழைச்சத்து மிகையாகி, ஓடுதண்டு இன்னும் படர்ந்து மெத்தை கூடும். பலர் தடுக்கி விழுகிற இடம் இது.

எப்போது அள்ள வேண்டும்? புல் எட்டு, பத்து சென்டிமீட்டருக்கு ஓங்கிவிட்டால் அள்ளித்தான் ஆக வேண்டும். ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம் மெஷினைத் தொட முடியாமல் போவது உண்டு. அப்போது ஒரே வெட்டில் பழைய உயரத்துக்குக் கொண்டுவராதீர்கள். மேலாக ஒரு வெட்டு, நாலைந்து நாள் விட்டு இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது. முதல் இரண்டு வெட்டில் விழுவதை அள்ளிவிடுங்கள். உங்கள் புல் இப்போது இருக்கிற நிலைக்கும் இதே வைத்தியம்தான். ஈரப் புல்லை வெட்டாமல் இருப்பது நல்லது. அவசரத்துக்கு வெட்டினால் கட்டி கட்டியாக ஒட்டுவதை வாரிவிடுங்கள்.

களை பூத்து விதை பிடித்திருந்தாலும் அள்ள வேண்டும். மூக்குத்திப் பூண்டு என்கிற வெட்டுக்காயப் பூண்டின் விதைக்குப் பஞ்சு உண்டு, காற்றிலேயே பரவும். பார்த்தீனியமும் அப்படித்தான், பூவுக்கு முன்னே பிடுங்கிவிட வேண்டும். கோரையை நினைத்து மட்டும் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் கிழங்கால் பரவுவது. மேலே வெட்டிப் போட்ட இலையால் பரவாது. மழைமாதங்களில் வட்டவட்டமாகப் புல் பழுத்து, விடியலில் பனியோடு சிலந்திவலை மாதிரி வெண்ணிற இழை தெரிந்தால் அது பூஞ்சாண நோய். அந்தச் சமயம் அள்ளுங்கள். நோய் வந்த பகுதியைக் கடைசியாக வெட்டி, மெஷினைக் கழுவி வையுங்கள்.

களைக்கொல்லி தெளித்திருந்தால் பலர் அந்தப் புல்லை ஜாக்கிரதையாக அள்ளி எடுத்துப் போய் கத்தரி, தக்காளிச் செடிக்கு மூடாக்குப் போடுகிறார்கள். செய்யவே கூடாத காரியம். 2,4-டி மருந்து பட்ட புல் தக்காளியின் பக்கத்தில் வந்தாலே இலை சுருண்டுகொள்ளும்; பருத்தியும் அப்படித்தான். மருந்தடித்த பிறகு வருகிற மூன்று நான்கு வெட்டின் புல்லுக்குப் பத்திரமான இடம் அந்தப் புல்தரையேதான்.

டென்னிஸ் கோர்ட், கோல்ஃப் குழியைச் சுற்றியுள்ள பச்சைத்தரை, கிரிக்கெட் பிட்ச் இவற்றில் துணுக்கை அள்ளுவதைப் பார்த்து நாமும் செய்ய வேண்டியதில்லை. விம்பிள்டனில் புல்லை எட்டு மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். துணுக்கு இறங்கி ஒளிய அங்கே இடமில்லை, பந்தும் தடுமாறும். உங்கள் வாசலில் பேரப்பிள்ளைகள்தானே விளையாடப் போகிறார்கள்.

கறையான் பயம் பாதி உண்மை. இடுக்கில் இறங்கி மட்கும் துணுக்கைத் தேடிக் கறையான் வராது. சுவரோரம் குவித்து வைத்துக் காயவிட்ட புல்குவியலுக்கு வரும். அதே குவியலில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். ஆக, குவிக்காமல் இருந்தால் போதும்.

அள்ளியதை என்ன செய்வது? ரோட்டில் கொட்டவோ கொளுத்தவோ கூடாது. திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைத் தடுத்திருக்கின்றன. சாக்கடையில் தள்ளினால் அது மழைநீரோடு குளத்துக்குத்தான் போய்ச் சேரும். கோவைக் குளங்களில் ஆகாயத்தாமரை படர்வதற்கு ஏற்கெனவே தீனி போதுமான அளவு போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் தென்னை இருந்தால் புல்லை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, வட்டப்பாத்தியில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு அடி தள்ளி. உலர்த்தாமல் பச்சையாகப் போட்டால் கணுவோடு விழுந்த துண்டு ஈரத்தில் வேர்விட்டுப் பாத்தியெல்லாம் புல்லாகிவிடும்.

மட்குக் குழியில் போடுவதானால் புல்லை மட்டும் போடாதீர்கள். புல்லில் தழைச்சத்து அதிகம். தனியாகக் கிடந்தால் இரண்டே நாளில் சூடேறி, கொழகொழத்து, அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். ஒரு கூடை புல்லுக்கு இரண்டு மூன்று கூடை வேப்ப, மாமரச் சருகு கலந்து வாரம் ஒரு முறை புரட்டிவிடுங்கள். மண்புழுத் தொட்டியில் பச்சைப் புல்லை நேரடியாகப் போட்டால் அந்தச் சூட்டில் புழு செத்துப்போகும்.

எதிர்வீட்டு மாட்டுக்கு இப்போது கொடுக்காதீர்கள். மருந்தடித்த புல்லைக் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. பிரஷ் கட்டரில் சுழலும் நைலான் கயிறு, கல்லிலும் சுவரிலும் பட்டுப் பட்டுத் தேய்ந்து துண்டு துண்டாக அறுந்து புல்லோடு விழுகிறது. அடுத்த தடவை சாக்கைக் கொட்டிக் கிளறிப் பாருங்கள், ஒரு அங்குலம், அரை அங்குல நீளத்தில் கலர் நரம்புகள் கிடைக்கும். மாடு அதைப் பொறுக்கி விலக்காது, புல்லோடு சேர்த்து விழுங்கும். சாக்கில் மணிக்கணக்கில் அடைத்துவைத்துச் சூடேறிய புல்லும் ஆகாது. பிளேடு மெஷினால் வெட்டியதை, மருந்து படாததாக இருந்தால், வெட்டிய உடனே கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

தோட்டக்காரரை மாற்ற வேண்டாம், அவரோடு போட்டிருக்கும் ஏற்பாட்டை மாற்றுங்கள். வெட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிடப் பெருக்கி அள்ளிச் சுமக்கத்தான் அவருக்கு நேரம் போகிறது. அந்த வேலையை எடுத்துவிட்டு, மழைமாதங்களில் வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று பேசுங்கள். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். உரத்தில் மிச்சமாவது அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஈர்க்குமாறும் இருக்கட்டும். எங்காவது புல் திட்டாக விழுந்திருந்தால் அதை உதறிப் பரப்பிவிட அதைவிட நல்ல கருவி கிடையாது.

மல்ச்சிங் மெஷின் 1,200 சதுர அடிக்குத் தேவையில்லை. அதன் சிறப்பு, நீளமான புல்லையும் மூடிக்குள் சுழற்றித் திரும்பத் திரும்ப நறுக்குவது. நீங்கள் நேரத்துக்கு வெட்டினால் நறுக்க அங்கே நீளமே இருக்காது. கையால் தள்ளுகிற உருளை மெஷின் ஒன்று வாங்குங்கள். பெட்ரோல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கத்தரிக்கோல் மாதிரி சுத்தமாக வெட்டும். வெட்டிய மறுநாள் இலைநுனி பிய்ந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள்; வருடம் ஒரு முறை சாணை பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், புல்லை ஓங்கவிட்டுவிட்டால் இந்த மெஷின் சிக்கிக்கொள்ளும், நகராது.